சுவரைப் பார்த்த சப்பாத்துகள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு கிழவர்கள் எண் அட்டையோடு நின்றார்கள். அவர்களில் ஒருவர் போர்க்காலத்தில் முகாம் அதிகாரியாக இருந்து, பிறகு தப்பி வந்து, பெயரை மாற்றி, இந்தக் குளிர் நாட்டில் இருபத்தாறு வருடம் கேக் கடை நடத்தியவர் என்பது பொலிசின் சந்தேகம்.

“எந்த முகம் எண்டு கேக்கினம், அம்மா,” என்றாள் மொழிபெயர்க்க வந்த பெண்.

“முகத்தை நான் பாக்கேல்லைப் பிள்ளை,” என்றார் அடையாளம் காட்ட வந்த தவமலர். “எங்களைக் குனிஞ்சு நிக்கச் சொன்னவங்கள். நிமிர்ந்தால் அடி.”

பொலிஸ் அதிகாரி பேனாவை மூடினார்.

“அப்ப என்னத்தைப் பாத்தனீங்கள்?” என்றாள் அந்தப் பெண்.

“செருப்பை. ஆம்பிளையள் செருப்பைக் கழட்டி, நுனி சுவரைப் பாக்க வைச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போகோணும். கோணலாக் கிடந்தால் அந்த முகாம் அதிகாரி தன்ர கையாலயே நேராக்குவான். என்ர மனிசன்ர செருப்பையும் நேராக்கினவன். அடுத்த நாளும் அது அப்பிடியேதான் கிடந்தது.”

பிறகு அவர் ஒன்று கேட்டார். பொலிஸ் அதிகாரி யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

ஏழு பேரும் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். சப்பாத்துகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. தவமலர் தரையையே பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் திரும்பி வந்தன. ஒரு கை கீழே இறங்கி, ஒரு சோடியை எடுத்து, நுனியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது. பிறகு அடுத்த சோடியை எடுத்தது.

“இப்ப நிமிர்ந்து பாருங்கோ, அம்மா.”

ஏழாவது சோடியும் சுவரைப் பார்க்கும்வரை தவமலர் குனிந்தே நின்றார்.