எட்டாவது டேக்

“கட்! கட்!”

டைரக்டர் ராடிம் தொப்பியைக் கழற்றிப் புல்தரையில் அடித்தார். ஏழாவது முறையாகப் பந்து வலைக்குள் போயிருந்தது.

எடுப்பது நகைச்சுவைப் படம். ஹ்ராப்கோவ் கிராமத்துக் கால்பந்துக் குழு, முப்பது வருஷத்துக்கு முன் கொட்டும் மழையில் பக்கத்து ஊரை ஜெயித்த கதை. கடைசி நிமிஷப் பெனால்டியை கோல்கீப்பர் போஹுஸ்லாவ் தன் தொப்பையாலேயே தடுத்தாராம். ஊர் பீர்க்கடைச் சுவரில் இன்றைக்கும் அவர் போட்டோதான் நடுவில்.

அதே காட்சியில் அவரே நடிக்கட்டும் என்று டைரக்டருக்கு ஆசை. பந்தை அடிக்க, அன்று கோட்டைவிட்ட எவ்ஷெனையும் பக்கத்து ஊரிலிருந்து தேடிப்பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். அந்த மேட்சுக்கப்புறம் பூட்ஸையே தொடாத மனுஷர்.

ஊர்த் தீயணைப்புக் குழு குழாயைத் தூக்கிப்பிடித்து மழை பெய்வித்தது.

“ஐயா, பந்து நேரா உங்க வயித்துக்குத்தான் வருது. சும்மா நின்னாலே போதும். ஏன் நகர்றீங்க?”

“வெயில் கண்ணைக் கூசுது.”

“எங்கே வெயில்?” டைரக்டர் வானத்தைப் பார்த்தார். ஒரே மேகம்.

சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தவர்கள் பக்கமிருந்து ஒரு குரல்: “யோவ் போஹுஸ்! பந்தைப் பிடிக்கச் சொன்னா, பஸ்ஸுக்கு வழி விடற மாதிரி விடறியே!”

“நடிகர் ஆயிட்டாரில்ல, இனிமே அப்படித்தான். எல்லாம் தலைக்கனம்!”

எட்டாவது டேக். அதுவும் கோல்.

முதல் கோலுக்குக் கூச்சத்தோடு தலைகுனிந்த எவ்ஷென், இப்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். அறுபது வயசு! மூச்சு வாங்கியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

“போதும். டூப் போட்டுக்கறேன்!” என்று கத்தினார் டைரக்டர்.

உதவி டைரக்டர் யிட்கா, கையில் மைக்கோடு கோல் கம்பத்தருகே வந்தாள். காலையிலிருந்தே அவளுக்கு ஒரு சந்தேகம்.

“ஐயா, வேணும்னேதானே விடறீங்க?”

போஹுஸ்லாவ் கையுறையின் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அவர் மேல பாவம் பார்த்தா?”

“பாவமா?” எவ்ஷென் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். “மறுபடியும் அதைச் செய்ய எனக்குக் கை வரலம்மா.”

“எதை?”

அவர் கையுறைகளைக் கழற்றினார். “அந்த மைக்கை இப்படிக் கொடு.”

குழாய் மழை நின்றது. ஊரே திரும்பிப் பார்த்தது. ஏதோ ஜோக் அடிக்கப்போகிறார் என்று சிலர் முன்கூட்டியே சிரித்தார்கள்.

போஹுஸ்லாவ் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“எவ்ஷென், நீ அன்னிக்கு அடிச்சது கோல்தான்டா. பந்து கோட்டைத் தாண்டி உள்ளே போயிடுச்சு. சேத்துல ரெஃப்ரிக்குத் தெரியல. வெளியே இழுத்துப் போட்டவன் நான்தான்.”