கறுப்பு விழுந்த பாதி

ஃப்ளாஷ் போட்டால் ஷட்டர் வேகத்தை அறுபதில் வைக்க வேண்டும். பூங்கோதையின் கல்யாணத்தில் நான் இருநூற்றைம்பதில் வைத்துவிட்டேன். அதனால் எல்லாப் படங்களிலும் வலது பாதி கறுப்பு. முதல் ஃபிலிம் சுருளில் மாப்பிள்ளையைக் காணோம். தாலி கட்டியதும் இருவரையும் இடம் மாற்றி உட்காரவைத்தார்கள். அடுத்த சுருளில் அவளைக் காணோம். மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க அவள் புகுந்த வீட்டுக்கே படங்களைக் கொண்டுபோனேன். தரையில் வரிசையாகப் பரப்பி வெகுநேரம் பார்த்தாள்.

“தாலி கட்டுற வரைக்கும் நான் இருக்கேன்” என்றாள்.

திட்டுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. ஷட்டரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே யாரோ இருமினார்கள். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்படிண்ணே அன்னைக்கே தெரிஞ்சுது?”