சரசரக்கும் ஜாக்கெட்

மூன்றாவது மழை ஜாக்கெட்டையும் அண்ணி வேண்டாம் என்றாள்.

போட்டுக்கொள்ளப் போவது நான். தேர்ந்தெடுப்பது அவள். கடை நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் என்னைக் கதவு வரைக்கும் ஓடிவிட்டு வரச் சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி எனக்கு இந்தக் கூத்து தேவையா?

இங்கிலாந்து மலையூரான எங்கள் கெஸ்விக்கில் மழையில் மலையோட்டம் ஓடுகிறவர்கள் எல்லோரும் பெர்னார்டின் கடைக்குத்தான் வருவோம். ஜாக்கெட்டில் தலைமூடி இருக்க வேண்டும், தையல் வழியே தண்ணீர் இறங்கக் கூடாது. இல்லாவிட்டால் போட்டியில் ஆரம்பக் கோட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"இதத் தொட்டுப் பாரு ஹிலரி, எறகு மாதிரி. துளி சத்தம் வராது," என்று நான்காவதை அண்ணியிடம் நீட்டினார் பெர்னார்ட்.

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன்."

எனக்கு என் அண்ணன் ரோலண்டின் பழைய ஆரஞ்சு ஜாக்கெட் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கையை அசைத்தால் மிட்டாய்த் தாளைக் கசக்குகிற மாதிரி சத்தம் போடும். மூடுபனியில் ஆள் தெரிவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வரும், ஆடுகள் மிரண்டு ஓடும்.

"வர்றாருய்யா சிப்ஸ் பாக்கெட்டு" என்று கூட ஓடுகிறவர்கள் கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டு முன்னால் ஓடுவான், அண்ணி பின்னாலேயே போவாள். எவ்வளவு மழை, எவ்வளவு சேறு.

போன பிப்ரவரியில் அவனைப் புதைத்தபோது அந்த ஜாக்கெட்டையும் கூடவே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மலைப்பக்கமே போகவில்லை. இந்தச் சனிக்கிழமை என்னோடாவது ஓட வா என்று கெஞ்சினேன். உனக்கு ஒரு ஜாக்கெட் பார்க்கிறேன், அது அமைந்தால் வருகிறேன், இல்லையென்றால் இந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும் என்றாள்.

பெர்னார்ட் மூலையிலிருந்து ஒன்றைத் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். சத்தம் தாங்காது என்று யாரும் வாங்காமல் கிடந்ததாம்.

"போட்டுக்கோ. கதவு வரைக்கும் வேண்டாம், கடை பூரா சுத்து," என்றாள் அண்ணி.

காலணி அடுக்கைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினேன். கூடாரங்களுக்கு நடுவே புகுந்தேன். கயிறுகள் தொங்கும் சந்தில் வலப்பக்கம். சரக் சரக் என்று அது போட்ட சத்தத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

பெர்னார்டும் சிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்.

திரும்பினேன்.

அண்ணி வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பிய இடத்தில் திரும்பி, எதிலும் இடிக்காமல். அவள் தட்டித் தட்டி வழி பார்க்கும் வெள்ளைக் கம்பு பெஞ்சிலேயே கிடந்தது.

"ஏண்டி நின்னுட்ட?" என்றாள்.