அடக்கி வாசித்த பேச்சு

கடைசி வரைக்கும் அவர் அவளுடைய கணவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் அவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு இரவு ரயிலில் வந்த களைப்பு. கீழே, எதிர்க்கட்சி வரிசையில் அவள் ஊர் எம்.பி. எழுந்ததும் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

ஊரில் அவருக்கு 'இடிமுழக்கம்' என்று பெயர். அவர் பேசுகிற கூட்டத்துக்கு மைக் செலவு மிச்சம் என்பார்கள். பீங்கான் தொழிற்சாலையை மூடியபோது ஊரே அவரைத்தான் நம்பியது.

அந்தத் தொழிற்சாலையில் அவள் கணவன் சூளை மேற்பார்வையாளன். வேலை போனதும் எங்கெங்கோ அலைந்தான். இந்த வயதில் புது ஆளா என்று எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். ஒருநாள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

துக்கம் கேட்க வந்த எம்.பி., பிறகொரு நாள் மறுபடி வந்து, இதை அவையில் சொல்லலாமா என்று கேட்டார். அவள் தயங்கினாள். கணவனின் அண்ணன்தான் எடுத்துச் சொன்னார்: போனவன் வரப்போவதில்லை, இருக்கிறவர்களுக்காவது ஒரு வழி பிறக்கட்டும். யோசித்துப் பார்த்துச் சம்மதித்தாள். கணவனின் போட்டோவையும் கொடுத்தாள்.

கட்சியிலும் எல்லோருக்கும் இதில் திருப்தி. படத்தை உயர்த்திக் காட்டுங்கள், மாடத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவைக் கை காட்டுங்கள், நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் நம் பேச்சுதான் என்று கட்சிக் கொறடா பாடமே எடுத்திருந்தார்.

எம்.பி. எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

வெளிநாட்டுப் பீங்கான் மலிவாக வந்து குவிகிறது, வரியைக் கூட்டுங்கள் என்றார். சூளைகளுக்கு மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றார். ஊரில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, நின்றுகொண்டிருந்த ரயிலும் இப்போது நிற்பதில்லை என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் குரலில் உயிரே இல்லை. ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

போட்டோ அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. மாடத்துப் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை.

பரிசீலிக்கிறோம் என்று அமைச்சர் ஒரே வரியில் முடித்தார். அவை கலைந்ததும் தானே நடந்து வந்து, கண்ணியமான பேச்சு என்று எம்.பி.யின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதையும் அவள் மேலேயிருந்து பார்த்தாள்.

கீழே இறங்கி வந்தபோது, தாழ்வாரத்தில் கொறடா அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடி இடிக்கும் என்று பார்த்தால் ஒரு தூறல்கூட விழவில்லையே என்றார். தலைவர் கொதித்துப்போயிருக்கிறாராம். அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

 எம்.பி. திரும்பியபோது அவள் நின்றிருந்தாள்.

"போட்டோவைக் கொடுங்க ஐயா."

எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அமைச்சர் கையைக் குலுக்கினாரே. அவர்கிட்ட என்ன பேசி முடிச்சீங்க?"

"ஒண்ணும் பேசலம்மா."

"ஊர்ல போய் நான் என்ன சொல்றது? என் வீட்டு வேதனையைத் தூக்கி உங்க கையில கொடுத்தேன். நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்னுதானே கொடுத்தேன். உங்களுக்கு அது வாயில வரல."

 தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளை ஓரத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவரும் நின்றுகொண்டே பேசினார்.

"வேலை போன எல்லாருக்குமே இன்னிக்கு நான் குறை வச்சுட்டேன். அதுல சந்தேகமே இல்ல. நீங்க திட்டுறது நியாயம்தான்."

"அப்புறம் ஏன்?"

 காலையில் அவளுடைய போன் கிடைக்கவில்லை என்று அவர் ஆரம்பித்தார். ரயில் எப்போது வருகிறது என்று கேட்க, அவள் கொடுத்திருந்த இன்னொரு நம்பருக்கு, வெளியூரிலிருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போட்டாராம். அப்பா இறந்ததிலிருந்து அவளுடைய சின்ன மகள் அங்கேதான் இருந்தாள். போனை எடுத்தது அந்தச் சின்ன மகள்தானாம்.

அவள் முகம் மாறியது.

"அவ என்ன சொன்னா?"

"அப்பாவைப் பத்தி எம்.பி. பேசப் போறாருன்னு பெரியப்பா அவகிட்ட சொல்லியிருக்காரு. ஸ்கூலுக்குப் போகாம டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தா."

அவள் மெல்ல அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டா." அவர் குரல் தழைந்தது. "'எங்கப்பா தூக்கத்துலயே போயிட்டாரு, கொஞ்சம்கூட வலிக்கலன்னு அம்மா சொன்னாங்க. அதையும் மறக்காம சொல்லுங்க மாமா'ன்னா."