ஏழு எண்ணும்வரை

முதல் வரிசையின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மத்தியானம் இரண்டு மணிக்கே வந்து பிடித்த இடம். வேறு எங்கே நின்றாலும் வேலைக்கு ஆகாது.

மேடைக்குப் பின்னால் ராட்சதத் திரை. 'சுடுதார்' ராக் இசைக்குழு, இருபத்தைந்து ஆண்டுகள்.

திரையில் வருடங்கள் ஓடின.

2000. கல்லூரி விழாவில் முதல் மேடை. படத்தில் மூன்று முகங்கள். ஓரத்தில் டிரம்ஸ், அடிப்பவனின் முழங்கை வரைக்கும்.

அந்த முழங்கை அவனுடையது.

2002. முதல் ஆல்பம். உறையில் நான்கு பெயர்கள் அச்சாகியிருந்தன. திரையில் மூன்றுதான் தெரிந்தன. நான்காவதன் மேல் ஏதோ வெளிச்சத்தைப் போட்டு மறைத்திருந்தார்கள். எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

2003. ஊரெல்லாம் பாடிய அந்தப் பாட்டு. கடைசிப் பல்லவிக்கு முன்னால் ஏழு எண்ணும்வரை எல்லாரும் வாசிப்பதை நிறுத்துவார்கள். அதுதான் பாட்டின் உயிர். கீழே எழுத்து வந்தது: நிரஞ்சன் கண்டுபிடித்த மௌனம்.

கண்டுபிடித்தானாம். கிழித்தான்.

கல்லூரி மேடையில் இந்தப் பாட்டை முதன்முதலாக வாசித்த அன்றைக்கு அவனுடைய டிரம்ஸ் குச்சி ஒடிந்தது. டிரம்ஸ் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள். பாடகன் நிரஞ்சன் திருதிருவென்று விழித்தான். நிரஞ்சனுக்கு எண்ணவே வராது. பாட்டை எங்கே எடுக்க வேண்டும் என்று எப்போதும் டிரம்ஸைப் பார்த்துத்தான் எடுப்பான்.

அவன் குனிந்து பைக்குள் வேறு குச்சியைத் தேடினான். தேடிக்கொண்டே எண்ணினான். இரண்டு கையும் பைக்குள். அதனால் ஏழாவது எண்ணுக்கு மோவாயைத் தூக்கிக் காட்டினான்.

நிரஞ்சன் பாடினான். கூட்டம் கத்திய கத்தலில் காது அடைத்துப்போனது.

அதிலிருந்து ஒவ்வொரு மேடையிலும் அதே ஏழு. ஒவ்வொரு மேடையிலும் அவனுடைய மோவாய்.

2004. தொலைக்காட்சி ஒப்பந்தம். திரையில் நான்கு முகங்கள் சிரித்தன. நான்காவது முகம் புதிது.

அந்த வாரம்தான் அவன் அப்பா செத்துப்போனார். அரக்கோணத்துக்குக் கிளம்பியவனை நிரஞ்சன் கட்டிப்பிடித்துச் சொன்னான்.

"ஒரே ஒரு ஷோதான்டா பாஸ்கி. காரியமெல்லாம் முடிச்சிட்டு வா. உன் இடம் எங்கடா போயிடப்போவுது?"

பதினாறாம் நாள் முடித்து, மொட்டைத் தலையோடு ரிகர்சலுக்குப் போனான். அவனுடைய ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். நிரஞ்சன் மைக் ஒயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

இருபத்தோரு வருடம்.

மேடையில் நிரஞ்சன் நன்றி சொல்ல ஆரம்பித்தான். முதல் வேன் டிரைவருக்கு நன்றி. கல்லூரி கேன்டீன் டீ மாஸ்டருக்கு நன்றி. ரிகர்சல் ஷெட்டில் படுத்துக் கிடந்த நாய்க்குக்கூட நன்றி. ஜிம்மி என்று பெயரைச் சொல்லி, குரல் தழுதழுக்க.

அவ்வளவுதான். முடித்துவிட்டான்.

தன் பெயரையும் ஒரு தடவை சொன்னால் போதும், கையைத் தட்டிவிட்டு பஸ் ஏறிவிடலாம். சத்தியமாக அப்படித்தான் நினைத்து வந்திருந்தான்.

நாய்க்குக் கிடைத்தது.

சரி.

தொப்பியைக் கழற்றினான். காலையில்தான் போட்ட மொட்டை. ஒருவேளை தேவைப்படுமென்று.

அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

இப்போதெல்லாம் அந்த இடத்தில் கூட்டம் விரல் நீட்டி எண்ணிக் காட்டும். வாயைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் மேடையிலிருந்து கூட்டத்தின் மேல் திரும்பும். நிரஞ்சன் மேடை விளிம்பில் நின்று, ஏழாவது விரலைப் பார்த்துவிட்டுப் பாடுவான். எண்ணத் தெரியாத பயலுக்கு இருபதாயிரம் பேர் விரல்.

எல்லாம் நின்றது. வெளிச்சம் திரும்பியது.

ஒன்று.

இரண்டு. நிரஞ்சனின் பார்வை முதல் வரிசையில் ஓடி வந்தது.

மூன்று. மொட்டைத் தலையில் நின்றது.

நான்கு. முகம் வெளுத்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

ஐந்து. மைதானம் முழுக்க ஐந்து ஐந்து விரல்கள்.

அவன் மோவாயைத் தூக்கினான்.

நிரஞ்சன் பாடினான்.

இருபதாயிரம் பேர் ஐந்து விரலைக் காட்டிக்கொண்டிருக்க, ஒற்றைக் குரல். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. கிட்டார்காரன் பதறிப்போய்ப் பாதியில் சேர்ந்தான். டிரம்ஸ்காரன் சேரவில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாம் நின்றுபோனது. தூக்கிப் பிடித்த அத்தனை போன்களிலும் நிரஞ்சனின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அடுத்த விழாவில் இதையும் திரையில் போட்டுக்கொள்ளட்டும்.

மறுபடியும் மௌனம். இதை யாரும் எண்ணவில்லை. ஒரு விரல்கூட மேலே இல்லை.

மைக் இன்னும் நிரஞ்சனின் வாயருகில் இருந்தது.

"பாஸ்கி..."

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. யார் அது என்று பக்கத்தில் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நிரஞ்சன் காத்துக்கொண்டிருந்தான். எங்கே எடுப்பதென்று தெரியாமல், கல்லூரியில் விழித்த அதே விழி. அதே கண், அவனுடைய மோவாயின் மேல்.

அவனுக்குள் எண்ணிக்கை தானாக ஓட ஆரம்பித்தது. பாழாய்ப்போன பழக்கம். ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழு வருவதற்குள், மோவாயை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.