சார் வாசித்த வாக்குமூலம்

"கையெழுத்தப் போடுங்கக்கா, எல்லாரும் போட்டாச்சு..."

"அவசரப்படுத்தாத ஜீவராணி, நான் இன்னும்..."

"என்ன இன்னும்? அதான் சார் தமிழ்ல வாசிச்சாரே!"

ஜீவராணிக்குப் பொறுமை போய்விட்டது. ஆஸ்பத்திரி வண்டியைப் பெரிய டாக்டர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பியிருந்ததால், மீனம்மாவின் மகள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு முன்னால் ரோட்டிலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. மூன்று மாதம் மனுப் போட்டு வரவழைத்த விசாரணை இது.

"டாக்டர் மேலதான் தப்புன்னு சார் தெளிவா வாசிச்சாருக்கா. இத விட்டா அந்த ஆளு தப்பிச்சிருவாரு."

விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல சிங்களத்துலதான் கேப்பாங்க, அதான் அப்படி எழுதுனேன். எழுதுனத அப்படியே தமிழ்ல வாசிச்சேனேம்மா."

மீனம்மா தாளின் மேல் விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். கண்டியில் பதினைந்து வருஷம் வீட்டு வேலைக்கு இருந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிங்களம் படித்தவள் அவள் என்பது ஜீவராணிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"'வண்டி உடனே வந்தது, டாக்டர் மீது குறை இல்லை'ன்னு எழுதியிருக்குங்க," என்று மீனம்மா பேனாவை அதிகாரியிடமே நீட்டினாள். "நீங்க வாசிச்சதுதான் சார் நல்லா இருந்துச்சு. அதையே எழுதிருங்க."