அரோவானாவுக்குப் பொடிமீன்

"நிறுத்து ஹெலன்! சட்டியில இன்னாது?"

வீட்டு வேலை செய்யும் ஹெலன், கூடத்து மீன்தொட்டியின் மூடியைத் திறந்தபடி அப்படியே நின்றாள். செங்கல்வராயன் மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார்.

"பொடிமீன் சார். உங்க அரோவானா மீனு உயிரோட இருக்கறதைத்தானே முழுங்கும்? ஆம்பூர்ல பொடிமீன் விக்கற கடை மூடிக்கெடக்கு. அதான் எங்க தெருவாண்ட ஏரியில புடிச்சதை எடுத்தாந்தேன். ரெண்டு போட்டுட்டேன்."

அவர் பதறிப்போய் வலையைத் தொட்டிக்குள் விட்டுத் துழாவினார். ஒன்றுதான் சிக்கியது. இன்னொன்று அரோவானாவின் வயிற்றுக்குள் போய்விட்டது.

"அறிவிருக்கா உனக்கு? அந்த ஏரி பூரா தோல் கழிவு! அதுல இருக்கற மீனு மொத்தமும் வெஷம். ஆசையா வளர்க்கறேன், இது செத்துப்போச்சுன்னா நீயா உசுரு குடுப்பே?"

ஹெலன் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நேத்து உங்க தோல் ஃபேக்டரி சார்பா எங்க தெருவுக்கு வந்து, ஏரி சுத்தமாயிடுச்சு, மீனைத் தாராளமா சாப்பிடலாம்னு மைக்குல சொன்னது நீங்கதானே சார்?"

செங்கல்வராயன் வலையில் சிக்கிய பொடிமீனைச் சட்டியில் போட்டார்.

"அதை நம்பித்தான் எங்க வீட்டுக்காரர் வலை போட்டாரு. பெருசையெல்லாம் ராத்திரி புள்ளைங்களுக்குக் கொழம்பு வெச்சுட்டேன். பொடிசை மட்டும்தான் உங்க மீனுக்குன்னு உயிரோட எடுத்தாந்தேன்."